சின்னப்பிள்ளைத்தனத்துக்கு இங்கிலிசிலை எத்தினை சொல்லு?

இணுவில் ரீச்சர் — 4 மே 2024

ஏ/எல் முடிச்ச பெடியன் ஒருத்தன் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறான். சிபாரிசுக் கடிதம் கேட்டான், எழுதினேன். சூதுவாது தெரியாத பிள்ளை, மனசிலை ஒண்டும் வைச்சிருக்க மாட்டான். அதைச் சொல்லத்தான் 'சைல்டிஷ்' எண்டு போட்டேன். பார்த்த பழைய அதிபர், "உதை அனுப்பினீரெண்டால் பெடியன்ரை அலுவல் சரி" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார். விளக்கம் இல்லை.

சைல்டிஷ், சைல்ட்லைக் ரெண்டும் குழந்தை மாதிரி எண்டதுதானே? என்னட்டை இருக்கிற அகராதியிலை ரெண்டுக்கும் 'குழந்தைத்தனமான' எண்டுதான் கிடக்கு. இம்மெச்சூர், ஜுவனைல், பியூரைல், இன்ஃபன்டைல் எல்லாத்துக்கும் அதே கதை. ஒரே சரக்கை ஆறு பேரிலை விக்கிறாங்கள் எண்டது என்ரை எண்ணம். இல்லையெண்டால் சொல்லுங்கோ.


கச்சேரியடி — 4 மே 2024, இரவு

ஆறும் ஆறு சரக்கு. அதிபர் சொன்னது சரி.

நாலு வயசுப் பிள்ளை ஐஸ்கிறீம் கேட்டு நிலத்திலே விழுந்து அழுதால், ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்த எவரும் அதைச் சைல்டிஷ் என்று சொல்லார். அது பிள்ளை, அப்பிடித்தான் அழும். நாற்பது வயசுக்காரர் தன்னை முன்வரிசையில் இருத்தவில்லை என்று கோபித்துக்கொண்டு கூட்டத்தில் இருந்து எழும்பிப் போனால், அது சைல்டிஷ். வயசு போயிட்டுது, குணம் போகேல்லை என்ற இடத்தில்தான் அந்தச் சொல்லுக்கு வேலை. சைல்ட்லைக்கும் பெரும்பாலும் வளர்ந்த ஆளுக்குத்தான் வரும். அவரிடம் மிஞ்சிக் கிடப்பது நல்ல சாமான்: ஆச்சரியப்படுகிறது, நம்புகிறது, கள்ளமில்லாமல் சிரிக்கிறது.

உங்கட பெடியனுக்கு இரண்டும் வேண்டாம். பதினெட்டு பத்தொன்பது வயசுக்காரனைச் சைல்ட்லைக் என்று சிபாரிசில் எழுதினால், படிக்கிறவர் 'வளர்ச்சி குறைஞ்ச பிள்ளையோ' என்று யோசிப்பார். 'இனசன்ட்' போட்டால் 'எந்த வழக்கிலை இருந்து?' என்று யோசிப்பார். சின்சியர், ஸ்ட்ரெயிட்ஃபோர்வேட். இந்த இரண்டும் போதும், கடிதம் நிற்கும்.


கச்சேரியடி — 5 மே 2024

விடியப் படுக்கையில் யோசித்தது. 'சைல்டிஷ்' எங்கேயும் வசைதான் என்று எடுத்துக்கொள்ளாதேங்கோ. 1611ஆம் ஆண்டு வந்த ஆங்கில வேதாகமத்தில், கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் 13ஆம் அதிகாரத்தில், நான் ஆளான பிறகு 'சைல்டிஷ் திங்ஸ்' எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று பவுல் சொல்லுவார். அந்த இடத்தில் ஏளனம் இல்லை. பிள்ளைக்கு உரியவை, அவ்வளவுதான். தமிழ் வேதாகமத்தில் 'குழந்தைக்கேற்றவைகளை' என்று வடிவாய்ப் போட்டிருக்கினம். 'குழந்தைத்தனமானவைகளை' என்று போட்டிருந்தால் வசனம் கெட்டுப்போயிருக்கும்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவைக்கு இந்த வசனம் மனப்பாடம். அதை நம்பிச் சிபாரிசுக் கடிதம் எழுதினால் பவுல் வந்து காப்பாற்றமாட்டார்.


கொக்குவில் ரியூசன் — 7 மே 2024

அண்ணை, நான் என்ரை பிள்ளையளுக்கு ரூல் ஒண்டு குடுத்திட்டன். 'இஷ்' வந்தால் ஏச்சு, 'லைக்' வந்தால் புகழ்ச்சி. சரிதானே?


கச்சேரியடி — 7 மே 2024

ரூலைத் திருப்பி வாங்கும் தம்பி. ஐம்பது வயசு நடிகனின் சிரிப்பை 'போயிஷ்' என்றால் அவன் சம்பளம் கூடும். 'கேர்லிஷ்' சிரிப்பு என்றாலும் பெரும்பாலும் பாசமாய்த்தான். 'பேபியிஷ்' என்றால் ஏச்சு. அதை ஏழு வயசுப் பிள்ளையே மற்றப் பிள்ளைக்குச் சொல்லும், ஏனென்றால் பேபி பருவத்தை இரண்டுபேரும் தாண்டியாச்சு. 'லைக்'கும் அப்பிடி. ஒருத்தரின் ஆச்சரியத்தைச் சைல்ட்லைக் என்றால் புகழ். பெரிய மனுசர் ஒருவரின் கையெழுத்தைச் சைல்ட்லைக் என்றால் கிறுக்கல் என்று அர்த்தம். வாலைப் பார்த்துச் சொல்லைப் பிடிக்க ஏலாது. எதைப் பற்றி, எத்தனை வயசு ஆளைப் பற்றி என்று பார்க்கவேண்டும்.

ரூலில்லாமல் பிள்ளையளுக்கு எப்பிடிப் படிப்பிக்கிறது என்று கேட்பீர். அதுக்குத்தான் உமக்குக் காசு தருகினம்.


ஹரோ அக்கா — 11 மே 2024

இம்மெச்சூர் பற்றிக் கதைக்க முதல் என்ரை கதையைக் கேளுங்கோ. லண்டனுக்கு வந்த புதிசு. சொந்தக்காரப் பிள்ளை பெரியபிள்ளை ஆகிட்டாள். ஊரிலை 'மெச்சூர்' எண்டு காதிலை விழுந்த சொல்லை வைச்சு, அவளின்ரை தாய் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதினா: என்ரை மகள் போன கிழமை மெச்சூர் ஆகிட்டாள், ஆனபடியால் கொஞ்ச நாளைக்கு வரமாட்டாள். வகுப்பு ரீச்சர் பதில் போட்டா: கேக்கச் சந்தோசமாய் இருக்கு, வகுப்பிலும் அந்த மாற்றம் தெரியுது!

அவவுக்கு விளங்கினது, பிள்ளைக்குப் புத்தி வந்திட்டுது எண்டு. சாமத்தியவீட்டு அல்பத்தை இப்பவும் திறந்தால் இந்தக் கதைதான் முதலிலை.


கச்சேரியடி — 12 மே 2024

அக்காவின் கதைக்குள் முழுப் பாடமும் கிடக்கு. மெச்சூர் என்பது லத்தீனில் பழுத்தது, முற்றினது. உடம்பு முற்றினதா, புத்தி முற்றினதா என்று சொல் தானாகச் சொல்லாது. இன்றைய ஆங்கிலத்தில் மனுசருக்குப் போட்டால், வேறு ஒன்றும் சொல்லாத இடத்தில், புத்தி. தாய் உடம்பைச் சொன்னா, ரீச்சர் புத்தியைப் படித்தா.

இம்மெச்சூருக்கு வாறன். மாம்பழக் காலம், கறுத்தக்கொழும்பானை வைத்தே சொல்லலாம். விவசாயத் திணைக்களக்காரர் 'இம்மெச்சூர்' வேறு, 'அன்ரைப்' வேறு என்று பிரிப்பினம். முற்றின காயைப் பிடுங்கி வைக்கோலுக்குள் வைத்தால் பழுக்கும். அது அன்ரைப், நேரம் மட்டும்தான் குறை. பிஞ்சைப் பிடுங்கி எந்த வைக்கோலுக்குள் வைத்தாலும் வெம்பிச் சுருங்கும். அது இம்மெச்சூர். உள்ளே சேரவேண்டியது சேரவில்லை.

ஆளை இம்மெச்சூர் என்று சொல்லுகிறதும் இதுதான். அதில் கோபம் குறைவு, தீர்ப்புக் கூட. மனைவி சண்டைக்குள் புருசனைச் சைல்டிஷ் என்று ஏசுவா. சண்டை ஓய்ந்தபிறகு தமக்கைக்கு ரெலிபோன் எடுத்து இம்மெச்சூர் என்பா. இரண்டாவதுதான் புருசனுக்குக் கெட்ட காலம். ஆலோசகர், வகுப்பாசிரியர், மனிதவளப் பகுதிக்காரர் எல்லாரும் அறிக்கையில் போடுவது இம்மெச்சூர். சைல்டிஷ் என்று போட்டால் எழுதினவருக்குத்தான் மரியாதை போகும்.

சட்டத்திலும் இந்த முற்றின கணக்கு இருக்கு. எங்கட தண்டனைச் சட்டக்கோவையில், பிள்ளை செய்தது குற்றமா என்று பார்க்க இரண்டு படி. ஒரு வயசுக்குக் கீழே என்றால் குற்றமே இல்லை. அதுக்கு மேலே சில வருசங்களுக்கு, செய்த காரியத்தின் தன்மையையும் விளைவையும் விளங்கப் போதிய 'மெச்சூரிட்டி' இருந்ததா என்று நீதவான் பார்க்கவேண்டும். முந்தி அந்த வயசுகள் 8உம் 12உம். 2018இல் திருத்தி 12உம் 14உம் ஆக்கினார்கள். ஒரே வயசுப் பெடியள் இரண்டு பேர், ஒருத்தன் முற்றினவன், ஒருத்தன் முற்றாதவன் என்று சட்டமே ஒத்துக்கொள்ளுது.

இதோடு பிறந்த இன்னொரு சொல் 'பிரிகோஷஸ்'. லத்தீனில் முந்திப் பழுத்தது. அப்ரிகொட் பழத்தின் பெயரும் அந்த வேரில் இருந்துதான், அரபு வழியாய்ச் சுற்றி வந்தது. தமிழில் அச்சொட்டாய் 'பிஞ்சிலை பழுத்தது'. உருவம் ஒன்று, மனசு வேறு. ஆங்கிலத்தில் ஆறு வயசில் பியானோ வாசிக்கிற பிள்ளை பிரிகோஷஸ், தாய்தகப்பன் பெருமைப்படுவினம். எங்கட ஊரில் பிஞ்சிலே பழுத்தது என்றால், ஒழுங்கையில் சைக்கிளோடு நின்று சினிமாக் கதை கதைக்கிற பதின்மூன்று வயசு. மொழிபெயர்ப்பில் ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் ஒரு வீடு குழம்பும்.


சாவகச்சேரி — 13 மே 2024

பிஞ்சு வெம்பும் எண்டது சரி. கறுத்தக்கொழும்பானுக்கு வைக்கோலும் சரி. ஆனால் வெம்பினதை விக்கிறவனுக்கு இங்கிலிசிலை என்ன பேர்?


கச்சேரியடி — 13 மே 2024

அவன் நல்லாய் முற்றினவன்.


கச்சேரியடி — 21 மே 2024

ஜுவனைல், பியூரைல், இன்ஃபன்டைல் மிஞ்சிக் கிடக்குது, ரீச்சர் மறக்கமாட்டா.

மூன்றும் லத்தீன். இன்ஃபன்ட் பேச்சு வராதது. பூவெர் பெடியன். யூவெனிஸ் வாலிபன். ரோமாபுரிக்காரரின் வாலிபம் லேசில் முடியாது. வர்ரோ என்ற அறிஞர் மனுச ஆயுளைப் பதினைந்து பதினைந்தாய் வெட்டினார்: 15 வரை பூவெர், 30 வரை அடுலெஸ்கென்ஸ், 45 வரை யூவெனிஸ். எங்கட கட்சிகளின் இளைஞரணிகள் இன்றைக்கும் வர்ரோவின் கணக்கைத்தான் பாவிக்கினம்.

ஆங்கிலத்துக்கு வந்தபோது மூன்றும் மூன்று வழி போயிட்டுது. ஜுவனைல் இரட்டைத் தொழில் பார்க்கிற சொல். நீதிமன்றம், மூட்டுவாதம், மீன்குஞ்சு, நூலகத்துப் புத்தகப் பிரிவு, இவற்றுக்கு முன்னால் நின்றால் வெறும் வயசு; ஒரு குறையும் இல்லை. பகிடி, நடத்தை, கோபம் என்பவற்றுக்கு முன்னால் நின்றால் ஏச்சு. இன்ஃபன்டைலுக்கு வைத்தியத்தில் மரியாதை இருக்கு. போலியோவுக்குப் பழைய ஆங்கிலப் பெயர் இன்ஃபன்டைல் பராலிசிஸ். வெளியே வந்தால் மூன்றிலும் கடுமையான ஏச்சு, ஏனென்றால் ஆளைத் தொட்டில் மட்டும் இறக்குது. பியூரைலுக்கு நாளாந்தப் பேச்சில் நல்ல வேலையே கிடையாது. கழிவறைப் பகிடி, சுவரில் கிறுக்குகிறது, கூட்டத்தில் பேச்சாளரின் பெயரைத் திரித்துச் சிரிக்கிறது எல்லாம் பியூரைல். சொல்லுகிறவர் கொஞ்சம் படித்தவர் என்று காட்டுகிற சொல்லும் கூட. சந்தையில் யாரும் ஏச மாட்டினம். பத்திரிகை ஆசிரியர் தலையங்கத்தில் ஏசுவார்.

எங்கட ரீச்சர்மார் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையளுக்கு எழுதிக் கொடுக்கிறபோது 'சின்னப் பெடியனின் கனவு' என்பதைப் 'பியூரைல் ட்ரீம்' ஆக்காமல் இருக்கவேண்டும். அகராதியில் முதல் அர்த்தம் 'சிறுவர்க்குரிய' என்றுதான் கிடக்கும். அதை நம்பினால் மேடையில் அழுகை.

அடலசன்ட் பற்றி ஒன்று. வளருதல் என்ற லத்தீன் வினையில் வளர்ந்துகொண்டிருப்பவர் அடலசன்ட், வளர்ந்து முடித்தவர் அடல்ட். ஒரே வினை, இரண்டு காலம். உலக சுகாதார நிறுவனத்துக்கு அடலசன்ட் 10 முதல் 19 வரை. எங்கட பாடப்புத்தகம் போடுகிற 'கட்டிளமைப் பருவம்' என்ற சொல்லில் எனக்கு ஆசை. கட்டுடம்பு வருகிற இளமை. ஆங்கிலச் சொல் வளர்ச்சியைச் சொல்லுது, இது தோற்றத்தைச் சொல்லுது. ஆனால் பெரியவரின் நடத்தையை 'அடலசன்ட்' என்று இழிக்கிற இடத்துக்குக் கட்டிளமை சரிவராது. யாருக்கும் அது ஏச்சாய்ப் படாது, சந்தோசப்படுவினம்.


கொக்குவில் ரியூசன் — 22 மே 2024

ரீனேஜருக்குப் பதின்ம வயது சரியோ அண்ணை? பதின்மர் எண்டால் பத்துப்பேர் எல்லே?


கச்சேரியடி — 22 மே 2024

பத்துப்பேர்தான். இருந்தாலும் சொல் ஊன்றிவிட்டுது, இனிப் பிடுங்க ஏலாது. ஆங்கிலத்தில் தேர்ட்டீன் முதல் நைன்டீன் வரை 'டீன்' ஒலிக்கிறதால்தான் ரீனேஜர். 1940களில் அமெரிக்காவில் கடைக்காரரும் பத்திரிகைக்காரரும் பரப்பின சொல். லெவனும் ட்வெல்வும் ஒலியால் வெளியே நிற்குது. தமிழில் பதினொன்றிலேயே 'பதின்' வந்துவிடும், பதினொரு வயசுப் பிள்ளை எங்களிடம் கணக்கின்படி உள்ளே. ஆங்கிலக்காரர் அந்த இடைவெளிக்கு 'ட்வீன்' என்று ஒன்று செய்து வைத்திருக்கினம்.


நல்லூர் வாசகர் — 26 மே 2024

இவ்வளவு எழுதுறியள், கிட் எண்ட சொல்லு எங்கட 'குட்டி'யிலை இருந்து போனதெண்டு ஒருதரும் சொல்லேல்லை. ஆட்டுக்குட்டி, கிட். தெட்டத் தெளிவு. தமிழன் தன்ரை பெருமையைத் தானே மறைக்கிறான்.


கச்சேரியடி — 26 மே 2024

போகவில்லை ஐயா. கிட் பழைய நோர்ஸ் மொழியில் 'கித்'. ஜேர்மனில் 'கிட்ஸ்' என்று அதுக்கு உறவு இருக்கு. முதலில் ஆட்டின் குட்டி, 1500களின் கடைசியில்தான் கொச்சையாய் மனுசப் பிள்ளைக்கு வந்தது. நோர்வேக்காரர் எங்கட பக்கம் வந்தது 2000ஆம் ஆண்டையொட்டிச் சமாதானம் பேச, ஆட்டுக்குட்டி வாங்க இல்லை.

தமிழுக்குப் பெருமை வேண்டுமென்றால் தொல்காப்பிய மரபியலைத் திறவுங்கோ. இளமைப் பெயர் ஒன்பது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எதன் இளமைக்கு எது என்று பிரித்துச் சொல்லியிருக்கு. பறவைக்குப் பார்ப்பும் பிள்ளையும். இந்தப் பழக்கம் எங்கட வளவுக்குள் இன்னும் சாகவில்லை. தென்னை என்றால் தென்னம்பிள்ளை, வாழை என்றால் வாழைக்குட்டி, மா என்றால் மாங்கன்று, பனை என்றால் வடலி. ஆங்கிலத்தில் இளமரம் எதுவும் சாப்ளிங். மிருகத்தில் மட்டும் அவர்களும் எங்களைப்போல்: காஃப், கப், பப், ஃபோல், லாம்.

எங்கட கேள்விக்கு இது ஏன் வேண்டும் என்றால், இந்த மிருகச் சொல்கள் மனுசருக்கு வரும்போது ஆங்கிலத்தில் ஏச்சு மெதுவாய்த்தான் இருக்கும். கிட் என்றால் பாசம். கப் ரிப்போர்ட்டர் என்றால் பத்திரிகைக்குப் புதிசு. குட்டியாய் இருக்கிறவர் ஒருநாள் வளருவார் என்று அதுக்குள் கிடக்குது. பியூரைலுக்குள் அந்த நம்பிக்கை இல்லை.


கச்சேரியடி — 2 ஜூன் 2024

என் தொழில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு. பிறப்பு, இறப்பு, கலியாணப் பதிவு, காணி உறுதி, வழக்குக் கடுதாசி. அந்த உலகத்தில் சிறுபிள்ளைத்தனம் கிடையாது, வயசு மட்டும்தான். அதிலும் கண்ணிவெடி இருக்கு.

லண்டன் வழக்கறிஞர் கந்தோரில் இருந்து வந்த பழைய பத்திரம் ஒன்றில் பல்கலைக்கழகம் படிக்கிற ஆளை 'இன்ஃபன்ட்' என்று போட்டிருந்தது. கொண்டுவந்த பெடியன், "தட்டச்சுப் பிழையாக்கும், தாத்தா அப்ப பீர் குடிக்கிற வயசு" என்றான். பிழை இல்லை. ஆங்கிலச் சட்டத்தில் 21 வயசுக்குக் கீழே எவரும் இன்ஃபன்ட். 1969இல் வந்த சட்டம்தான் வயசை 18 ஆக்கி, இன்ஃபன்டுக்குப் பதிலாய் 'மைனர்' என்று சொல்லலாம் என்றது. இலங்கையில் 1865ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் 21 என்று வைத்தது, 1989இல் 18 ஆக்கினார்கள். பழைய உறுதியில் இருபது வயசுக்காரரை மைனர் என்று கண்டால் வருசத்தைப் பாருங்கோ.

தமிழில் மைனருக்குப் 'பராயமடையாதவர்', 'இளவர்' என்று போடுவம். மைனர் என்றே தமிழில் எழுதினால் தங்கச் சங்கிலியும் ஜிப்பாவும் போட்ட தமிழ்ச் சினிமா மைனர் வந்து நிற்பார். அவரும் ஒருவகை இம்மெச்சூர்தான், ஆனால் சட்டம் அவரைக் காப்பாற்றாது.

1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச்சட்டத்தில் சைல்ட் என்றால் 14க்குக் கீழ், யங் பேர்சன் என்றால் 14 முதல் 16க்குக் கீழ் என்று பிரித்தார்கள். ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சமவாயத்தில் 18க்குக் கீழ் எல்லாரும் சைல்ட். ஆகப் பதினைந்து வயசுப் பிள்ளை பழைய கட்டளைச்சட்டக் கடுதாசியில் யங் பேர்சன், மற்றதில் சைல்ட். மொழிபெயர்க்கிறவர் தன் விருப்பத்துக்குச் 'சிறுவர்' என்று இரண்டுக்கும் போட்டால் லோயர் பிடிப்பார்.


கச்சேரியடி — 9 ஜூன் 2024

ஹரோ அக்கா தனியாய்க் கேட்டது: பெடியனுக்கு ஆங்கிலம் என்ன?

'போய்' என்று நாக்கு உடனே சொல்லும். பொறுங்கோ. எங்கட ஊரில் பெடியன் வயசால் வருகிற பெயர் இல்லை. முப்பத்தெட்டு வயசு, தலை நரைச்சுப்போச்சு, வங்கியில் முகாமையாளர், கலியாணம் முடியேல்லை. தாய் தரகரிடம் "பெடியன் நல்லவன்" என்றுதான் சொல்லுவா. அயலில் பெரியவர் உயிரோடு இருக்குமட்டும் பேரப்பிள்ளை கண்டவரும் அவருக்குப் பெடியன்தான். தமிழில் யார் சொல்லுகிறார் என்பதில் இளமை தொங்குது. ஆங்கிலத்தில் சொல்லப்படுகிறவரின் வயசில் தொங்குது. ஆகப் பெடியனைப் 'போய்' ஆக்கி வளர்ந்த ஆளுக்குப் போட்டால், வயசுக்குப் பொருந்தாத சொல் வந்து விழுகுது, உடனே ஏச்சு மணக்கும்.

மணக்கிறதுக்குச் சரித்திரமும் இருக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிற ஐம்பது வயசுக்காரரும் 'ஒபிஸ் போய்', சமைக்கிற கிழவனும் 'ஹவுஸ் போய்'. அமெரிக்காவில் கறுப்பினத்து ஆண்களை எந்த வயசிலும் 'போய்' என்று கூப்பிட்டார்கள். ஆளை வளரவிடாமல் வைத்திருக்கிற கூப்பிடல் அது. அங்கே வேலைக்குப் போகிற பிள்ளையள் வாயைக் கவனியுங்கோ.

எண்பதுகளில் இன்னொரு சங்கதி. ஊரில் சனம் இயக்கக்காரரைப் 'பெடியள்' என்றது. ஆங்கிலப் பத்திரிகைகள் அதை அப்பிடியே 'த போய்ஸ்' என்று எழுதின. ஊர்ச் சொல்லில் எங்கட பிள்ளையள் என்ற ஒட்டும், கொஞ்சம் பயமும் சேர்ந்து கிடந்தது. ஆங்கிலத்தில் ஒட்டு மட்டும்தான் போய்ச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம். வெளியூர்க்காரர் படித்தால் பந்தடிக்கிற கோஷ்டி என்று நினைத்திருப்பினம். இதுக்கு மேல் இங்கே வேண்டாம்.

'யூத்' இதுக்குப் பக்கத்து வீடு. கூட்டாய்ச் சொன்னால் நம்பிக்கை: நாட்டின் யூத், ஐக்கிய நாடுகளின் கணக்கில் 15 முதல் 24. ஒருமையில் 'எ யூத்' என்று பத்திரிகையில் கண்டால், தொண்ணூறு வீதம் பொலிஸ் செய்தி, ஆண், இரவு, மோட்டார் சைக்கிள். எங்கட பத்திரிகைகளின் 'இளைஞன்' அதே வேலை பார்க்கிறான். பரிசு வாங்கினால் மாணவன், பிடிபட்டால் இளைஞன்.


இணுவில் ரீச்சர் — 10 ஜூன் 2024

தொண்ணூறு வீதம் எண்டு ஆர் எண்ணினது?


கச்சேரியடி — 10 ஜூன் 2024

ஒருதரும் எண்ணேல்லை. பேச்சுக்குச் சொன்னது. கன தரம் என்று வாசியுங்கோ.

உங்களைப் பார்த்து ஒருத்தர் 'யூத்ஃபுல்' என்று சொன்னால் சந்தோசப்பட முதல் யோசியுங்கோ. இருபது வயசை அப்பிடிச் சொல்லமாட்டினம், இருபதுக்கு யங் போதும். வயசு போனவரில்தான் யூத்ஃபுல் ஒட்டும்.


கச்சேரியடி — 16 ஜூன் 2024

இதுவரை சொன்ன சைல்டிஷ், பியூரைல் வகை எல்லாம் அந்த வயசில் இல்லாத ஆளில்தான் கூராய் விழும். யங் ஆளுக்கே நேரே விழுகிற ஏச்சு இல்லையோ என்று தேடினேன். இருக்கு: 'கலோ'. பழைய ஆங்கிலத்தில் மொட்டை. பிறகு செட்டை முளைக்காத குஞ்சு. பிறகு அனுபவமில்லாத வாலிபன். இதை அறுபது வயசுக்காரருக்குப் போடுவது அருமை. தமிழில் அளவெடுத்துத் தைத்த மாதிரி எங்களிடம் ஒன்று கிடக்குது: 'முளைச்சு மூண்டு இலை விடேல்லை'. அவர்களுக்குச் செட்டை, எங்களுக்கு இலை.

'க்ரீன்', 'ரோ' இரண்டும் வேலைக்குப் புதிசு என்ற அளவில் நிற்கும், ஏச்சு இல்லை. 'நயீவ்' அப்பிடி இல்லை. அது இயல்பானவர், செயற்கை இல்லாதவர் என்ற நல்ல இடத்தில் பிரெஞ்சில் இருந்து வந்தது, நேட்டிவ் என்ற சொல்லுக்கு ஒரே வேர். இன்றைக்கு ஒருத்தரின் அரசியல் அபிப்பிராயத்தை நயீவ் என்றால் 'உமக்கு உலகம் விளங்கேல்லை' என்று அர்த்தம். 'அப்பாவி' என்று மொழிபெயர்க்கிறது வழக்கம், அது பிழைக்கும். அப்பாவியில் இரக்கம் இருக்கு, நயீவில் இரக்கம் குறைவு. வெகுளி கிட்ட வரும்.

'கலிபிள்' இன்னும் ஒரு படி. அவரைப் பேய்க்காட்டலாம். இந்த 'பேய்க்காட்டுறது' எங்கட பக்கத்துச் சொல். தமிழ்நாட்டுச் சிநேகிதர் ஒருவர் நான் பேயோட்டுகிற தொழில் பார்க்கிறேன் என்று நினைத்தவர். வெளிநாட்டு ஏஜென்சிக்குக் காசு கட்டி ஏமாந்த ஒருத்தரின் சத்தியக்கடுதாசியை ஆங்கிலமாக்கினபோது, "நான் ஒரு அப்பாவி, என்னைப் பேய்க்காட்டிப்போட்டான்" என்று இருந்தது. கலிபிள் என்று போடவில்லை. தன்னைத் தானே கலிபிள் என்று சத்தியம் பண்ணினால் எதிர்த்தரப்பு லோயர் சிரிப்பார். நம்பி ஏமாந்தேன் என்று வினையாய் எழுதினேன்.


ஹரோ அக்கா — 22 ஜூன் 2024

பிள்ளை எண்ட சொல்லை விட்டிட்டியளே! கடைக்காரர் ஐம்பது வயசு என்னைப் 'பிள்ளை, என்ன வேணும்' எண்டு கேப்பார். ஹரோவிலை இருந்து போனால் அதைக் கேக்கவே கடைக்குப் போறனான்.


கச்சேரியடி — 23 ஜூன் 2024

அதுக்கு ஆங்கிலம் இல்லை. 'சைல்ட்' என்றால் சுவாமியார் பேசுகிற மாதிரி. 'டியர்' என்றால் இங்கிலாந்துக் கடைக்காரி. ஒன்றும் சரிவராது, கடைக்கே போங்கோ.

பெயரில் வருகிறது அடுத்த தலையிடி. சின்னத்தம்பி, இளையதம்பி, குழந்தைவேலு, செல்லப்பிள்ளை. எங்கட ஊர்க் கிழவர்மாரின் பெயரெல்லாம் தொட்டிலில் கிடக்குது. எண்பது தாண்டின இளையதம்பி ஓய்வூதியக் கடுதாசியோடு வருவார், தகப்பன் பெயர் சின்னத்தம்பி. இளமை வசையாகாமல் முதுமை வரை கூட வருகிற ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன். பெயரை மொழிபெயர்க்கக்கூடாது என்ற விதி இருக்கிறதால் தப்பினேன்.


முன்பள்ளி ரீச்சர், மானிப்பாய் — 30 ஜூன் 2024

சேர், ஒரு சின்னக் கேள்வி. கனடாவிலை இருந்து பிள்ளையின்ரை அறிக்கை இங்கிலிசிலை கேக்கினம். 'குழப்படிப் பெடியன்' எண்டதுக்கு என்ன போடுறது? நாட்டி போடலாமோ, மிஸ்சீவஸ் போடலாமோ?


கச்சேரியடி — 30 ஜூன் 2024

குழப்படி வடிவான சொல் தங்கச்சி. ஏசுகிறபோதே வாய் சிரிக்கும்.

மிஸ்சீவஸ் கிட்ட வரும், பாசமும் இருக்கு. என் காதுக்கு மட்டும் கொஞ்சம் இடறும், ஏனென்றால் தண்டனைச் சட்டக்கோவையில் 'மிஸ்சீஃப்' என்று ஒரு குற்றம் இருக்கு: அடுத்தவன் சொத்துக்கு வேண்டுமென்று சேதம் விளைவிக்கிறது. கனடாச் சட்டத்திலும் அந்தப் பெயரில் குற்றம் உண்டு. முன்பள்ளி அறிக்கையை அந்தக் கண்ணால் ஒருவரும் வாசிக்கார், பயப்படாமல் போடலாம்.

நாட்டி என்பது 'நோட்', அதாவது ஒன்றுமில்லை என்ற சொல்லில் இருந்து வந்தது. முதலில் ஒன்றுமில்லாதவர், பிறகு கெட்டவர், பிறகு இறங்கி இறங்கிச் சின்னப்பிள்ளையளின் குழப்படியில் வந்து நின்றது. வளர்ந்த ஆளுக்குப் போட்டால் இப்ப படுக்கையறைப் பக்கம் போயிடும்.

நாலு வயசுப் பெடியனுக்கு நாட்டி தாராளமாய்ப் போடுங்கோ. அவன்ரை தேப்பனைப் பற்றி ஏதும் எழுத வந்தால், அதிலை போடாதேங்கோ.